கோல்டன் கேர்ள்ஸ்ங்கற அமெரிக்க காமெடி சீரியல்ல அம்மாவா நடிச்ச எஸ்டெல் கெட்டி நிஜத்துல மகளா நடிச்சவங்களை விட சின்னவங்களா?

ஆமாங்க, ஒரு வயசு சின்னவங்க. எஸ்டெல் கெட்டி 1923ல நியூயார்க்ல பொறந்தவங்க, மகளா நடிச்ச பியா ஆர்தர் 1922. அதனால ஷூட்டிங்க்கு விக், மேக்கப் எல்லாம் போட்டுத்தான் கிழவியாக்குனாங்க. கல்யாணம், ரெண்டு பசங்க, ஆபீஸ்ல செக்ரட்டரி வேலைன்னு ஓடிட்டே வருஷக்கணக்கா சின்னச்சின்ன நாடகத்துல நடிச்சவங்க, டார்ச் சாங் ட்ரிலஜி நாடகத்துல ஹீரோவோட அம்மாவா வந்து, 1982ல அது நியூயார்க்ல பெரிய நாடகங்கள் நடக்கற பிராட்வேக்கு போனப்புறம்தான் வெளிய பேர் தெரிஞ்சுது, அப்ப அவங்களுக்கு வயசு கிட்டத்தட்ட அறுபது! 1985ல இந்த சீரியல், 1988ல டிவி நடிப்புக்கான எம்மி அவார்டு. இத்தனை வருஷம் மேடை ஏறியும் கேமரா முன்னாடி பயம், டயலாக் மறந்துபோகும், ஆனா ஸ்க்ரீன்ல பார்த்தா அந்த பிரம்பு கைப்பையோட வந்து நறுக்குன்னு பேசறதுல ஒண்ணுமே தெரியாது. கடைசில லூயி பாடி டிமென்ஷியாங்கற மறதி நோய் வந்து 2008 ஜூலைல, 85வது பிறந்தநாளுக்கு மூணே நாள் முன்னாடி போயிட்டாங்க.