மாமியின் அறை வாசலில் ஒரு தட்டு

கேள்வி: கணவர் சவுதியில் இருக்கிறார். கம்பெனியில் பிரச்சினை, எப்போது லீவு கிடைக்கும் என்றே தெரியவில்லை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் நானும் மாமியும் மட்டும். மாமி அதிகம் பேசமாட்டார். மத்தியானச் சோற்றை அவர் அறை வாசலில் வைத்துவிடுவேன். மாமா இறந்த பிறகு விளையும் (தோட்டம்) சும்மா கிடக்கிறது. எதிர்பார்க்க ஒன்றுமே இல்லை. என்ன செய்ய?

பதில்: "சீக்கிரம் வந்துவிடுவார், கவலைப்படாதீர்கள்" என்று எழுத மாட்டேன். அது உங்கள் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை. வளைகுடாவுக்கு ஆளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகளிலிருந்து இப்படிக் கடிதம் வருவது புதிதல்ல. ஆனால் சோற்றை வாசலில் வைத்துவிடுகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

வழிப்போக்கருக்குக்கூட உட்கார வைத்துத்தான் சோறு போடுவோம். மாமி கணவரை இழந்தவர், மகனைப் பிரிந்து இருப்பவர். நீங்கள் இரண்டு பேரும் காத்திருப்பது ஒரே ஆளுக்காக. பேசமாட்டார் என்கிறீர்கள், நீங்கள் பேசிப் பார்த்தீர்களா? மகன் இல்லாத வீட்டில் மாமியைப் பார்த்துக்கொள்வது தட்டு வைப்பதோடு முடிகிற கடமை இல்லை. நாளை மத்தியானம் இரண்டு தட்டும் அடுக்களையில் ஒன்றாக இருக்கட்டும். முதல் வாரம் பேச்சு வராது. வராவிட்டாலும் எழுந்து போய்விடாதீர்கள்.

பிறகு அவரை விளைக்குக் கூட்டிப் போங்கள். முதலில் முளைக்கீரை. ஒரு ஸ்பூன் விதையை இரண்டு கை மணலோடு கலந்து தூவி, மேலே மண்ணை லேசாகக் கிளறிவிட்டால் போதும். ஆழமாகப் போனால் முளைக்காது. குழாயை நேராகப் பிடித்தால் விதை ஒரு மூலைக்கு அடித்துப் போகும், கையால் தெளியுங்கள். எறும்பு தூக்காமல் இருக்கச் சுற்றிச் சாம்பல் போடுங்கள். இருபத்தைந்து நாளில் பறிக்கலாம்.

ஆடி அமாவாசைக்கு மாமியைக் குழித்துறை வாவுபலிக்கு, ஆற்றங்கரையில் இறந்தவர்களுக்குத் தர்ப்பணம் செய்யும் நிகழ்வுக்கு, அழைத்துப் போங்கள். மாமாவுக்குப் பலி போட்டுவிட்டு, பொருட்காட்சியையும் சுற்றிப் பார்த்து வாருங்கள்.

ஐப்பசியில் ஏத்தன், அதாவது நேந்திரன் வாழை. அப்போது வைத்தால் அடுத்த ஆவணியில் ஓணத்துக்குக் குலை வெட்டலாம். ஈட்டி மாதிரி ஒடுங்கிய இலையுள்ள கன்றைத்தான் எடுக்க வேண்டும். அகல இலைக் கன்றில் குலை சிறுத்துப் போகும். வேரை வெட்டி, கிழங்கின் மேல்தோலைச் சீவுங்கள். சீவும்போது கறுத்த துளை தெரிந்தால் கூன்வண்டு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அந்தக் கன்றைத் தூரப் போடுங்கள். நல்ல கன்றைச் சாணியும் சாம்பலும் கரைத்த குழம்பில் முக்கி, மூன்று நான்கு நாள் உலரவிட்டு, ஒன்றரை அடிக் குழியில் வையுங்கள். கன்றுக்குக் கன்று ஆறடி இடைவெளி. குலை தள்ளியதும் முட்டு கொடுக்க மறந்தால் ஒரே காற்றில் பத்து மாத உழைப்பும் சாய்ந்துவிடும்.

இதில் பாதி மாமிக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரிந்தாலும் அவரிடமே கேளுங்கள். நல்ல கன்று யார் விளையில் கிடைக்கும் என்று இன்றைக்கே கேட்டுத் தொடங்கலாம்.