4 ஜிபி ரேமில் காளி லினக்ஸ் உறைகிறதா?

தம்பி, ஏற்காட்டிலிருந்து தினமும் சேலம் இறங்கிப் படிப்பதாகவும், விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினி போல ஓடவிடும் விர்ச்சுவல்பாக்ஸில் காளி (பாதுகாப்புச் சோதனைக்கான லினக்ஸ்) போட்டால் லேப்டாப் உறைவதாகவும், நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங் மண்டையில் ஏறாததால் சைபர் செக்யூரிட்டியை விட்டு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாற வேண்டாம்.

4 ஜிபியில் பாதிக்கு மேல் விண்டோஸே தின்றுவிடும். காளியைப் பென்டிரைவில் லைவாக (லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்யாமல்) போட்டு அதிலிருந்தே பூட் செய்யுங்கள். சொல்லப்போனால், இப்போதைக்கு அதுவும் அவசியமில்லை. ஓவர்தவயர் தளத்தில் பேண்டிட் என்று ஒரு இலவச விளையாட்டு இருக்கிறது. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியில் கட்டளை தட்டும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக நுழைந்தால் வேலையெல்லாம் அவர்கள் சர்வரில்தான் நடக்கும். வெறும் எழுத்துதான் போய்வரும் என்பதால் மலையில் சிக்னல் மக்கர் செய்தாலும் ஓரளவு சமாளிக்கலாம். லினக்ஸ் கட்டளைகளும் கைக்கு வந்துவிடும்.

அப்புறம் சப்நெட்டிங். நானும் அதில் அரியர் வைத்தவன்தான். 192.168.10.77/26 என்று கேள்வி வந்தால், ஐபி முகவரியின் மொத்தம் 32 பிட்டில் நெட்வொர்க்குக்கான 26 போக மீதி 6 பிட். 2-ஐ ஆறு முறை பெருக்கினால் 64. ஆக நெட்வொர்க்குகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். 77 விழுவது 64-இல் தொடங்குவதில், பிராட்காஸ்ட் (அந்த நெட்வொர்க்கில் எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் முகவரி) 127, நடுவில் கருவிகளுக்கு 62 முகவரிகள். தினம் ஐந்து கணக்கு, பேப்பரில் போடுங்கள். பஸ்ஸில் வேண்டாம், இருபது கொண்டை ஊசி வளைவில் வாந்திதான் வரும்.

காலேஜ் வைஃபையில் சோதித்துப் பார்க்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: எழுத்தில் அனுமதி இல்லாமல் தொடவே தொடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.