புளூட்டோவுக்கு என்ன கட்டிக்கொண்டு போவது? கேள்வி பதில்

கொடிமலை ஏறுவதற்கே ஸ்வெட்டர் தேடுகிற பினாங்குக்காரர்கள் நாம். புளூட்டோவுக்கு மனிதன் போனால் என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் பிறை வட்டாரத்தில் மீனும் இறாலும் வைக்கிற ஒரு கோல்ட் ரூமில் இருபது வருடமாகக் குளிர்பதன வேலை பார்ப்பவன். வானம் பார்ப்பது ராத்திரி வேலை.

அண்ணே, அங்கே மைனஸ் 230 டிகிரியாமே. எத்தனை ஜாக்கெட் போட்டாலும் விறைத்துப்போக மாட்டோமா? (ஆயர் ஈத்தாம்)

பாதிப் பேர் கேட்டது இதைத்தான். எங்கள் கோல்ட் ரூம் மைனஸ் 25. உள்ளே ஃபேன் ஓடும்போது இரண்டே நிமிடத்தில் காது வலிக்கும். படிந்த பனியை உருக்கும் டீஃப்ராஸ்டுக்காக ஃபேன் நின்றுவிட்டால், கிட்டத்தட்ட அதே குளிரில் நின்று சாவகாசமாகப் பெட்டி எண்ணலாம். உடம்புச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போவது காற்று. புளூட்டோவில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் லட்சத்தில் ஒரு பங்குதான், அதனால் அங்கே நிற்பது ஃபிளாஸ்க்குக்குள் நிற்கிற மாதிரி. சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் வெளியேறும். அதைத் தடுக்க, அலுமினியம் பூசிய மெல்லிய படலங்களை இடைவெளி விட்டு அடுக்கினால் போதும்.

அப்புறம்தான் வேடிக்கை. கடுமையாக வேலை செய்யும் மனித உடம்பு 300 வாட்டுக்கு மேல் சூடு தரும், அது உடைக்குள்ளேயே தங்கிவிடும். விண்வெளி நிலையத்து வீரர்கள் இதற்காகவே சுமார் 90 மீட்டர் தண்ணீர்க் குழாய் ஓடுகிற உள்ளாடை போடுகிறார்கள். புளூட்டோவுக்கும் முதலில் கட்டவேண்டியது அந்தக் குளிரூட்டும் பனியன்தான்!

அப்படியானால் குளிர் எங்கேதான் கடிக்கும், ஐயா? (பட்டர்வொர்த்)

தொடுகிற இடத்தில். காலும் கையும். தரையில் பெரும்பகுதி உறைந்த நைட்ரஜன். சூடான பாதம் பட்டால் அது உருகாது, நேரே ஆவியாகிவிடும். பூட்ஸின் அடிப்பகுதி சூடு கடத்தாததாக இல்லாவிட்டால் கால் விறைக்கும், காலடியில் குழியும் விழும். வீட்டையும் தரையில் உட்கார வைக்கக்கூடாது, கம்பத்து வீடு மாதிரி கால்மேல் நிறுத்த வேண்டும். ஈர்ப்பு பதினாறில் ஒரு பங்கு என்பதால் அந்தக் கால்கள் ஒல்லியாக இருந்தாலும் தாங்கும்.

ரப்பர், கிரீஸ் எல்லாம் வேலை செய்யுமா? (சுங்கை பாக்காப்)

செய்யாது. மைனஸ் 25-லேயே கதவு ரப்பர் விறைத்துக் கிழிவதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை எவரோ தள்ளுவண்டிச் சக்கரத்துக்குச் சாதா கிரீஸ் போட்டுவிட்டார்கள், மறுநாள் சக்கரம் சுற்றவில்லை, வண்டியை இழுத்துக்கொண்டு போனோம். 1986 ஜனவரி 28-ல் அமெரிக்க விண்வெளி ஓடம் சேலஞ்சர் வெடித்ததற்குக் காரணம் குளிரில் விறைத்த ஒரு ரப்பர் வளையம். அன்று காலை ஏவும்போது வெறும் 2 டிகிரிதான்.

கிரீஸுக்குப் பதில் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்கிற உலர்ந்த பொடி. சாதா இரும்பு கண்ணாடி மாதிரி உடையும். சரவாக்கின் பிந்துலுவில் இயற்கை வாயுவை மைனஸ் 162-ல் திரவமாக்கிக் கப்பலேற்றுகிறார்களே, அந்த மாதிரிக் குளிருக்கு நிக்கல் கலந்த எஃகோ அலுமினியமோதான்.

சோலார் பேனல்? (ஜெலுத்தோங்)

மறந்துவிடுங்கள். வெயில் நமக்குக் கிடைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் சுமார் 11 கிலோ புளுட்டோனியம் கொண்டுபோய், அங்கே சேரும்போது கிடைத்தது 200 வாட். மூன்று சீலிங் ஃபேன் ஓட்டலாம். மனிதன் போனால் அணு உலையே வேண்டும். அதில் வீணாகும் சூட்டை வீட்டுக்குள் விட்டுக்கொள்ளலாம்.

புளூட்டோ கோளே இல்லையே?

2006-லிருந்து குறுங்கோள். குளிர் குறைந்ததாகத் தெரியவில்லை.

இதே உடையோடு சனியின் நிலா டைட்டனில் இறங்கலாமா? (தண்ணீர்மலை)

கூடாது. அங்கே மைனஸ் 179, புளூட்டோவைவிடச் சூடு என்று ஏமாந்துவிடாதீர்கள். காற்றழுத்தம் நம்மைவிட ஒன்றரை மடங்கு. அதாவது கோல்ட் ரூமில் ஃபேன் ஓடுகிறது. படல அடுக்கு அங்கே பயன்படாது, தடித்த பஞ்சும் உள்ளே மின்சூடும் வேண்டும். ஆனால் ஊதிய அழுத்த உடை தேவையில்லை, ஆக்ஸிஜன் முகமூடி போதும். எனக்கு ஒரு டிக்கெட் கிடைத்தால் டைட்டனுக்குத்தான் போவேன். நடமாடச் சுகம்.

படிவம் 2 படிக்கும் என் மகன் கேட்கிறான்: போய்ச்சேர எவ்வளவு நாள்? (பாயான் பாரு)

நியூ ஹொரைசன்ஸ் 2006 ஜனவரியில் கிளம்பி 2015 ஜூலையில் புளூட்டோவைத் தாண்டியது, ஒன்பதரை வருடம். அதுவும் நிற்காமல். நின்று இறங்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க எரிபொருள் மலையாக வேண்டும். புளூட்டோவைத் தாண்டியபோது நியூ ஹொரைசன்ஸின் சிக்னல் பூமிக்கு வந்துசேரவே நாலரை மணி நேரம். கேஸ்கெட் (கதவை அடைக்கும் ரப்பர்) கிழிந்துவிட்டது என்று சொல்லி ஆலோசனை கேட்டால், பதில் வர ஒன்பது மணி நேரம் ஆகும், கேஸ்கெட் வர ஒன்பது வருடத்துக்கு மேல். எங்கள் கம்ப்ரஸருக்கு ஷா ஆலமிலிருந்து பாகம் வர மூன்று நாள் ஆனாலே முதலாளி குதிக்கிறார். தம்பியிடம் சொல்லுங்கள், பாகங்களை அங்கேயே கடைந்துகொள்ள மூட்டையில் ஒரு சின்ன லேத்து மெஷினையும் சேர்த்துக் கட்டச்சொல்லி.