ஹூஸ்டன் கொல்லையில் தேயிலை வருமா?

ஹூஸ்டனில் வீடு வாங்கியாயிற்று, கொல்லையில் தேயிலைச் செடி வைத்தால் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. கோத்தகிரிக்காரருக்கு இந்த ஆசை வரத்தான் செய்யும். நானும் மூன்று செடி வைத்தேன், மூன்றும் போயின. தேயிலை கேட்பது அமில மண், தண்ணீர் தேங்காத சரிவு. இங்கே இருப்பதோ மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும் களிமண்.

சரி, உங்கள் வீட்டு முன்பக்கம் போய்ப் பாருங்கள். சன்னலுக்குக் கீழே உருண்டையாக வெட்டிவிட்ட குட்டைச் செடி இருக்கிறதா? யோபானாக இருக்கலாம். டெக்சஸிலிருந்து ஃபுளோரிடா, வர்ஜீனியா கடற்கரை வரை தானாக வளர்கிற இந்த மண்ணின் செடி. இலையில் காஃபின் உண்டு. அர்ஜென்டினாக்காரர்கள் குடிக்கும் மாத்தேயின் பங்காளி. வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே இங்குள்ள பழங்குடிகள் வறுத்துக் காய்ச்சிக் குடித்தார்கள். சடங்கில் குடித்துவிட்டு அவர்கள் வாந்தி எடுத்ததைப் பார்த்தவர்கள் பழியை இலைமேல் போட, 1789இல் 'ஐலெக்ஸ் வாமிடோரியா', அதாவது வாந்தி எடுக்கவைக்கும் ஐலெக்ஸ், என்றே தாவரவியல் பெயர் விழுந்துவிட்டது. ஏழெட்டு வருடமாகக் குடிக்கிறேன், எனக்கு ஒரு குமட்டல்கூட இல்லை.

ஆனால் அடையாளம் உறுதியாகாமல் வாயில் வைக்காதீர்கள். சீனப் பிரிவெட் என்ற வேலிச்செடி இதே சாயலில் இருக்கும், அது நஞ்சு. அதில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். யோபானில் மாறி மாறி வரும், ஓரத்தில் சின்னச் சின்னப் பல் தெரியும். பெண் செடியில் காய்க்கும் சிவப்புப் பழம் பறவைகளுக்கு, நமக்கு ஆகாது.

வளர்ப்பதில் பெரிய வேலை இல்லை. வெயில், அரைநிழல், களிமண், மணல், எல்லாம் அதற்கு ஒன்றுதான். முதல் கோடையில் மட்டும் தண்ணீர் காட்டுங்கள். 2021 பிப்ரவரி உறைபனியில் என் கறிவேப்பிலையும் முருங்கையும் கருகிப்போக, இது பச்சையாகவே நின்றது. வேரிலிருந்து கன்று கிளம்பிக்கொண்டே இருக்கும், வெட்டிவிட வேண்டும். நர்சரிச் செடிக்கு மருந்து அடித்திருப்பார்கள். ஒரு வருடம் விட்டு, புதுக் கொழுந்தைப் பறியுங்கள்.

இலையை ஓவன் அடுப்பில் லேசாகப் பழுப்பாகும்வரை வறுத்துக் கொதிக்கவிடுங்கள். துவர்ப்பு குறைவு, எவ்வளவு நேரம் கொதித்தாலும் கசக்காது. அதனாலேயே பால் சேராது. முதல் தடவை நான் இஞ்சி தட்டிப் போட்டுப் பால் ஊற்றிக் கொடுத்தேன். வீட்டுக்காரி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தாள். கடுங்காப்பி மாதிரி, கொஞ்சம் வெல்லம் போட்டுக் குடித்தால்தான் சுகம். காலைப் பால் டீக்கு நானும் இன்னும் ஊர்த் தூள்தான். யோபான் நாலு மணிக்கு.

இந்த வெயிலில் நடாதீர்கள், அக்டோபர் வரட்டும். அதற்குள் என் வீட்டுப் பக்கம் வந்தால் வேர்க்கன்று இரண்டு தோண்டித் தருகிறேன்.