நண்பர்களோடு சேர்ந்து யோகாசனம் செய்தால் நம்பிக்கை வளருமா? எதிலிருந்து தொடங்குவது?

வளரும். நானும் மூன்று நண்பர்களும் இரண்டு வருடமாக வாரத்தில் இரண்டு நாள் காலையில் சேர்ந்து செய்கிறோம். ஆனால் ஆரம்பத்தில் நம்பிக்கையைத் தவறான இடத்தில் தேடினோம், எனக்குக் காயமும் பட்டது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பதில் உங்களுக்கு உதவும்.

நாங்கள் நால்வரும் பல வருடப் பழக்கம். எல்லோரும் தனித்தனியாக யோகா செய்துகொண்டிருந்தவர்கள். ஒருவர் மல்லாந்து படுத்து இன்னொருவரைப் பாதங்களால் தூக்கி நிறுத்தும் வீடியோவைப் பார்த்துவிட்டு, முதல் வாரமே அதை முயன்றோம். நான்காவது முறை வந்துவிட்டது. போட்டோ எடுத்துக்கொண்டோம். "பாரு, நமக்குள்ள எவ்வளவு நம்பிக்கை" என்று அன்று பேசிக்கொண்டது நினைவிருக்கிறது.

மூன்றாவது வாரம் நான் பச்சிமோத்தானாசனத்தில் இருந்தேன், அதாவது கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் ஆசனம். எங்களில் உயரமான நண்பன் பின்னால் வந்து என் முதுகில் கை வைத்து அழுத்தினான். "போதும்" என்றேன். "இன்னும் கொஞ்சம்தான், வந்துடும்" என்று மேலும் அழுத்தினான். தொடையின் பின்பக்கத் தசை இடுப்பின் உட்காரும் எலும்போடு சேரும் இடத்தில் சுருக்கென்று இழுத்தது. அங்கே இருப்பது தசைநாண். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் ஆறுவதற்கு நாளாகும். ஏறக்குறைய இரண்டு மாதம் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் வலித்தது.

அவன் மேல் கோபம் வரவில்லை. அவனுக்கு என் மேல் அக்கறை உண்டு என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் நான் திரும்ப வந்த பிறகு, அவன் என் பின்னால் சும்மா நடந்துபோனாலே என் தோள்கள் தாமாக இறுகின. மனசு அவனை நம்பியது, உடம்பு நம்ப மறுத்தது. எங்களுக்கு என்ன குறை என்று அப்போதுதான் புரிந்தது.

நம்பிக்கையைப் பற்றி மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மூவர் 1995இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று மேலாண்மைத் துறையில் பிரபலம். ஒருவரை நாம் எதை வைத்து நம்புகிறோம் என்பதை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: அவருடைய திறமை, நம் மேல் அவருக்குள்ள நல்லெண்ணம், அவருடைய நேர்மை. நண்பர்களிடம் நல்லெண்ணம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, அதை ஆசனம் போட்டு வரவழைக்க வேண்டியதில்லை. நான் சொல்லும் "போதும்" அவன் காதில் விழுந்து கை வரைக்கும் போய்ச் சேருமா என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. சேர்ந்து செய்யும் ஆசனங்கள் வளர்க்கக்கூடிய நம்பிக்கை இதுதான் என்று நினைக்கிறேன். போட்டோவில் அது தெரியாது.

அழுத்தியதில் உடல்ரீதியாகவும் பலன் இல்லை. தசைக்குள் நீட்சியை உணரும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. வேகமாகவோ பலமாகவோ இழுத்தால் அவை தண்டுவடம் வழியாக அந்தத் தசையையே சுருங்க வைக்கும். அழுத்துகிறவர் ஒரு பக்கம் இழுக்க, உங்கள் தசை எதிர்ப்பக்கம் இழுக்கும். அதனால் எங்கள் குழுவில் இப்போது யாரும் யாரையும் அழுத்துவதில்லை. கை வைக்கலாம், எடை போடக் கூடாது. கை வைப்பதற்கு முன்பும் "இங்கே வைக்கட்டுமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறோம். முதல் சில வாரம் இது செயற்கையாகத் தெரியும். அப்புறம் பழகிவிடும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

முதலில் இரண்டு வார்த்தைகளை முடிவு செய்துகொள்ளுங்கள். எங்களுடையவை "போதும்", "இறக்கு". "போதும்" என்றால் இதற்கு மேல் வேண்டாம், இப்படியே இருப்போம் என்று அர்த்தம். "இறக்கு" என்றால் மெதுவாக வெளியே வருவோம் என்று அர்த்தம். ஒரே வார்த்தை போதாதா என்று கேட்கலாம். இருவர் எடையும் ஒன்றையொன்று தாங்கியிருக்கும் நிலையில் "போதும்" என்றதும் ஒருவர் பதறிக் கையை விட்டுவிட்டால் மற்றவர் விழுவார். நிறுத்துவது வேறு, விடுவது வேறு. இந்த இரண்டையும் தேவையில்லாதபோதும் சொல்லிப் பழகினோம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஆசனத்தின் நடுவில் ஒருவர் வேண்டுமென்றே "இறக்கு" என்பார், எதிரே இருப்பவர் ஏன் என்று கேட்காமல் இறக்க வேண்டும். என் தோள்கள் இறுகுவது நின்றது இந்தப் பயிற்சிக்குப் பிறகுதான். உயரமான நண்பனோடு மட்டும் இதை நாற்பது, ஐம்பது முறையாவது செய்திருப்பேன்.

முதல் ஆசனம் முதுகோடு முதுகு ஒட்டிச் சம்மணமிட்டு உட்காருவது. உயரம் குறைந்தவர் மடித்த போர்வை மேல் உட்காரலாம். கண்களை மூடி ஐந்து நிமிடம் மூச்சை மட்டும் கவனியுங்கள். மற்றவர் மூச்சு இழுக்கும்போது அவருடைய விலா எலும்புகள் உங்கள் முதுகில் விரிவது தெரியும். மூச்சைச் சேர்த்துவிட முயலாதீர்கள். சில நாள் தானாகச் சேரும், சில நாள் சேராது, இரண்டுமே நல்லதுதான். யார் தூங்காமல் வந்திருக்கிறார், யார் எதையோ மனசில் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்பது வாய் திறக்கும் முன்பே முதுகில் தெரிந்துவிடும்.

அடுத்தது இருவர் விருட்சாசனம். பக்கத்தில் பக்கத்தில் நின்று, உள்பக்கக் கைகளை மேலே உயர்த்தி உள்ளங்கைகளைச் சேர்த்து, வெளிப்பக்கக் காலை மடித்து நிற்கிற காலின் மேல் வைப்பது. பாதத்தை முட்டியின் மேல் மட்டும் வைக்காதீர்கள், அதற்கு மேலேயோ கீழேயோ இருக்கட்டும். இதில் நான் கற்றுக்கொண்ட ஒன்றை எப்போது சொன்னாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். 1994இல் ஜெகா, லாக்னர் என்ற இரு ஆய்வாளர்கள், நிற்பவர் ஒரு விரல் நுனியால் எதையாவது லேசாகத் தொட்டாலே உடலின் ஆட்டம் குறைகிறது என்று காட்டினார்கள். ஒரு நியூட்டனுக்கும் குறைவான விசையே போதும், அதாவது நூறு கிராம் எடை அழுத்துகிற அளவுகூட வேண்டாம். அது உடலைத் தாங்கிப் பிடிக்கும் விசையே அல்ல. நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற செய்தியை மட்டும் தருகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நாங்கள் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடிப்பதை விட்டுவிட்டோம். உள்ளங்கைகள் பட்டும் படாமலும் இருந்தபோதுதான் இருவரும் அதிக நேரம் நின்றோம்.

மூன்றாவது, எதிரெதிரே நின்று பின்னால் சாய்வது. விரல்களைக் கோக்காமல் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். பாதங்களை நெருக்கமாக வைத்து, கைகள் நேராகும் வரை மெல்லச் சாய்ந்து, பிறகு நாற்காலியில் உட்காருவதுபோல் கீழே இறங்குங்கள். எங்களில் ஒருவர் எடை 54 கிலோ, இன்னொருவர் 83. அவர்கள் இருவரும்கூட இதைச் சிரமமில்லாமல் செய்கிறார்கள். சீசா பலகையில் கனமானவர் நடுவுக்குப் பக்கமாக உட்காருவதைப்போல, எடை கூடியவர் குறைவாகச் சாய்ந்து, எடை குறைந்தவர் அதிகமாகச் சாய்ந்தால் சமன் ஆகிவிடும். இதில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒருவர் தன் எடையைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், மற்றவருக்கு அது மணிக்கட்டில் உடனே தெரியும், அவர்தான் தடுமாறுவார். அப்படி நடந்தால் குறை சொல்லாமல், எழுந்து நின்று இன்னும் கொஞ்சம் குறைந்த சாய்வில் ஆரம்பியுங்கள். எங்களுக்கு இதற்கே ஒரு மாதம் ஆனது.

இந்த மூன்றிலேயே இரண்டு மூன்று மாதம் இருக்கலாம். நடுநடுவே ஜோடி மாற்றுங்கள், ஒரே ஆளோடு பழகிப்போனால் மற்றவர்களோடு அந்தப் பழக்கம் வராது. இருவர் நாவாசனம், அதாவது எதிரெதிரே உட்கார்ந்து பாதங்களைச் சேர்த்துக் கால்களைப் படகு வடிவில் மேலே உயர்த்தும் ஆசனம், அதற்குப் பிறகு போதும்.

நாங்கள் முதல் வாரமே முயன்றோமே, அதற்கு அக்ரோயோகா என்று பெயர். அந்தப் பெயரில் இன்று பரவலாகக் கற்றுத்தரப்படும் முறையை ஜேசன் நெமரும் ஜென்னி சாவர்-கிளைனும் 2003இல் கலிபோர்னியாவில் தொடங்கினார்கள். இதில் கீழே படுத்துத் தாங்குபவர் பேஸ், மேலே இருப்பவர் ஃப்ளையர், பக்கத்தில் நின்று காவல் காப்பவர் ஸ்பாட்டர். பேஸின் கால்கள் தரைக்குச் செங்குத்தாக இருந்தால் எடை எலும்பு வழியாக இறங்கும். கொஞ்சம் சரிந்தாலும் தொடைத் தசைகள் தாங்க வேண்டிவரும், கால் நடுங்கத் தொடங்கும். முடிந்தால் இதைத் தெரிந்தவர் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். நாங்கள் முதலில் ஸ்பாட்டர் இல்லாமலே செய்தோம். இன்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

அந்த ஸ்பாட்டர் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலான நாட்களில் அவருக்கு எந்த வேலையும் வராது. ஆனாலும் ஃப்ளையர் மேலே இருக்கும் வரை கண்ணை எடுக்க முடியாது. ஒருவேளை விழுந்தால் தலையும் கழுத்தும் தரையில் மோதாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் பொறுப்பு. நம்மை ஒருவர் அப்படிக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று மேலே இருக்கும்போது உணர்வது வேறு எதிலும் எனக்குக் கிடைக்காத ஒன்று.

உடல்நிலை பற்றிச் சுருக்கமாக. உயர் ரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் தலைகீழ் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பம், முதுகுத் தட்டு பிரச்சினை, சமீபத்தில் அறுவை சிகிச்சை என்றால் மருத்துவரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒரு தோழி மேலே ஏற மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எனக்கு அடிபட்ட பிறகு அவள்தான் எப்போதும் ஸ்பாட்டர். யாரும் அவளிடம் "ஒரு தடவை ஏறித்தான் பாரேன்" என்று சொல்லக் கூடாது என்பது பேசாமலே உருவான ஒப்பந்தம். ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் அவளாகவே உயரமான நண்பனிடம் போய், "இன்னைக்கு நான் ஏறட்டுமா?" என்றாள். அன்று நான் ஸ்பாட்டர். அவன் படுத்து, பாதங்களை அவள் இடுப்பெலும்பில் வைத்து, "சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு மெல்லத் தூக்கினான். இரண்டு மூச்சு நேரம்தான் இருந்திருப்பாள். "இறக்கு" என்றாள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் முட்டிகளை மடித்து இறக்கினான். தரையில் கால் ஊன்றி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றாள்.