ஹாலில் படுக்கும் அப்பா

கேள்வி: எங்களுக்குக் குழந்தை பிறந்து இரண்டரை மாதம் ஆகிறது. மனைவி முன்புபோல் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிள்ளையைத் தூக்கினால் ‘உங்களுக்குத் தெரியாது, கொடுங்க’ என்று பிடுங்கிக்கொள்கிறார். காலையில் வேலைக்குப் போகவேண்டுமே என்று அம்மா சொன்னதால் ஹாலில்தான் படுக்கிறேன். சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருப்பவன் மாதிரி ஆகிவிட்டேன். இது எப்போது சரியாகும்?
- பெயர் வேண்டாம், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வாடகைக்கு இருப்பவர்கூட அறையில் படுப்பார் ஐயா. நீங்கள் ஹாலுக்கே போய்விட்டீர்கள்!

கைக்குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, பம்பர்ஸ் மாற்றி, தொட்டிலில் போட்டு ஆட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஓடிவிடும். பாதி ராத்திரியில் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் தனியாக இதைச் செய்துகொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் குறட்டை. விடிந்ததும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று உங்களுக்கு வருத்தம்.

அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். கேட்டால் ‘நாங்களெல்லாம் அஞ்சு பெத்து வளர்க்கலையா’ என்று பதில் வரும். வளர்த்தார்கள்தான். அன்று எஸ்டேட் தோட்டத்தில் பக்கத்து வீட்டு அக்கா இருந்தார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது. இன்று அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் அவரும் பிள்ளையும்தான். அதனால் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், ‘இனி உள்ளேதான் படுப்பேன்’ என்று. மனைவியைச் சொல்லவைக்காதீர்கள்.

அப்புறம், அந்தப் பிடுங்கல். தனியார் துறையில் 2023 ஜனவரி 1 முதல் சட்டப்படி தாய்க்கு 98 நாள் விடுப்பு, தகப்பனுக்கு 7 நாள். அந்த ஏழு நாளும் மருத்துவமனைக்கும் பிறப்புப் பதிவுக்கும் அலைந்தே போயிருக்கும். அவருக்குக் கை பழகிவிட்டது, உங்களுக்குப் பழகவில்லை. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. இரவு பத்திலிருந்து இரண்டு மணி வரை பிள்ளை உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலைப் பிழிந்து புட்டியில் வைத்தால் நீங்களே கொடுக்கலாம். இல்லையென்றால் ஏப்பமும் பம்பர்ஸும் உங்களுடையது. பம்பர்ஸ் கோணலாக இருந்தாலும் திருத்தக்கூடாது என்று மனைவிக்கும் சொல்கிறேன். (இதை அவரிடம் காட்டுங்கள்.) சனிக்கிழமை இரண்டு மணி நேரம் அவர் வெளியே போய்வரட்டும், பிள்ளை இல்லாமல். அழும். அழட்டும், நீங்கள் இருக்கிறீர்களே.

ஒன்றை மட்டும் கோபம் என்று தள்ளிவிடாதீர்கள். பிரசவம் ஆன முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டரை மாதத்துக்குப் பிறகும் பிள்ளை தூங்கும்போதுகூட அவருக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, ‘நான் நல்ல அம்மா இல்லை’ என்கிறார் என்றால், அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். தடுப்பூசிக்குப் போகும் கிளினிக்கிலேயே மிஸியிடம் (தாதியிடம்) சொல்லுங்கள். பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாள் உண்டு, அதை வைத்துப் பார்ப்பார்கள். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளும் பேச்சு வந்தால் காத்திருக்கவேண்டாம், அன்றே மருத்துவமனை. ஆண்களுக்கும் இது வரும். பத்தில் ஒரு தகப்பனுக்கு என்கிறது 2010-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. உங்கள் கடிதத்திலும் அந்தச் சோர்வு தெரிகிறது. சுகாதார அமைச்சின் 15555 எண்ணை நீங்களும் கூப்பிடலாம், வெட்கம் வேண்டாம்.

இன்னும் மூன்று வாரம் போனால் அவருடைய விடுப்பு முடிந்துவிடும். பிள்ளையைத் தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) விடுவதா, உங்கள் அம்மாவிடமா? பேசினீர்களா? தாஸ்கா என்றால் தேடும் வேலை உங்களுடையது. நேரில் போய், ஒரு ஆயாவுக்கு எத்தனை கைக்குழந்தை என்று கேளுங்கள். மாலையில் ஜாலான் ஈப்போ நெரிசலில் பிள்ளையை எடுக்கப் போவது யார் என்பதையும் இந்த வாரமே முடிவு செய்துகொள்ளுங்கள்.