அறுபதாம் கல்யாணத்துக்குச் சொகுசுப் படகா?

கேள்வி: அப்பாவுக்கு வரும் ஆவணியில் அறுபது நிறைகிறது. குழந்தைகளையும் சேர்த்துப் பத்துப் பேர். மாலத்தீவில் ஒரு சொகுசுப் படகை ஏழு இரவுகளுக்கு மொத்தமாக வாடகைக்கு எடுத்து, தெற்கே ஹுவாது வரை ஆளில்லாத தீவுகளாகப் பார்த்து வரலாம் என்கிறார் ஏஜென்ட். பாதிப் பணத்தை உடனே கட்டச் சொல்கிறார். ஐயரையும் அழைத்துப்போய்ப் படகின் மேல்தளத்திலேயே மாலை மாற்றிவிடலாம் என்பது தங்கையின் யோசனை. அம்மா சுத்த சைவம். ஊட்டி பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பவர். பணம் கட்டலாமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள்.

முதலில் ஐயரை ஊரிலேயே விட்டுவிடுங்கள். மாலத்தீவில் இஸ்லாம் தவிர மற்ற மதச் சடங்குகளைப் பொதுவில் நடத்த அனுமதி இல்லை. வழிபாட்டுக்கான சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கும் தடை. பெட்டியில் வெள்ளிப் பிள்ளையாரை வைத்துக்கொண்டு மாலே சுங்கத்தில் நிற்கும் நிலைமை அப்பாவுக்கு அறுபதாவது வயதில் வேண்டாம். மைத்துனர்கள் டூட்டி ஃப்ரீயில் வாங்கும் பாட்டிலுக்கும் அதே கதிதான். சுங்கத்தில் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஊர் திரும்பும்போது கொடுப்பார்கள். (உரிமம் உள்ள படகில் மது கிடைக்கும், விலைதான் கசக்கும்.) ஆவணியில் திருக்கடையூரில் மாலை மாற்றிக்கொள்ளட்டும். படகுக்கு அப்புறம் போகலாம்.

அந்த ‘அப்புறம்’ பிப்ரவரியாக இருக்க வேண்டும். ஆவணி அங்கே தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். மழையும் அலையும் சேர்ந்து வரும். ஜனவரி முதல் மார்ச் வரை கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஒரே ஓர் இழப்பு உண்டு. பா என்னும் தீவுக்கூட்டத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் கூட்டமாக இரை தேடி வருவது ஜூன் முதல் நவம்பர் வரையில்தான். குழந்தைகளுக்கு அதைச் சொல்லி ஆசை காட்டியிருந்தால் இப்போதே சமாதானம் செய்துவிடுங்கள்.

அடுத்தது தூரம். மாலத்தீவின் ஏறக்குறைய 1,200 தீவுகளும் 26 அடோல்களாக, வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன. அடோல் என்பது பவளப்பாறை கட்டிய வேலி. வேலிக்குள் இருக்கும் கடல் ஊருணிபோலச் சாதுவானது. ஓர் அடோலுக்கும் அடுத்த அடோலுக்கும் இடையில் உள்ள கால்வாய்தான் அசல் இந்தியப் பெருங்கடல். நான் போன படகில், அடோலுக்குள் இருந்தவரை மேஜையில் காபித் தம்ளர் அசையவே இல்லை. கால்வாயை நெருங்கியதும் சமையல்காரர் ஒரு வார்த்தை பேசாமல் வந்து, ஈரத் துணியை விரித்துத் தம்ளர்களை அதன்மேல் நகர்த்திவைத்துவிட்டுப் போனார். பத்து நிமிடத்தில் காரணம் புரிந்தது. அடுத்த இரண்டு மணி நேரம் என் பெரியம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி தரையில் படுத்திருந்தார்.

ஹுவாதுக்குப் போக இப்படிப் பல கால்வாய்களைத் தாண்ட வேண்டும். கடைசியாக வரும் ஒன்றரை டிகிரி கால்வாய் மட்டுமே 80 கிலோமீட்டருக்கு மேல் அகலம். நடுவில் ஒதுங்க ஒரு தீவும் இல்லை. பத்து நாட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் படகுக்கு நாலரை மணி நேரமாவது பிடிக்கும். ஊட்டி பஸ்ஸையாவது நிறுத்தி இறங்கிக்கொள்ளலாம்.

ஏஜென்ட்டிடம் வாவு அடோலைக் கேளுங்கள். மாலேயிலிருந்து தெற்கே இரண்டே கால்வாய்கள்; காலையில் கடந்துவிடலாம். அங்கே மக்கள் வாழும் தீவுகள் ஐந்துதான். உங்களுக்கு வேண்டிய தனிமை அங்கேயே இருக்கிறது. இரவில் அலிமதா தீவருகே நங்கூரம் போட்டால், படகின் பின்விளக்கைத் தேடி நர்ஸ் சுறாக்கள் வரும். படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தால், ஆள் நீளச் சாம்பல் முதுகுகள் காலடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மாண்டாவை இழந்த குழந்தைகளுக்கு இது போதும். நான்கு இரவுகள் போதும்.

‘ஆளில்லாத தீவு’ என்ற சொல்லில் கொஞ்சம் மயங்காமல் இருங்கள். ஆளில்லை என்றால் உடையவர் இல்லை என்று பொருளல்ல. பல தீவுகள் குத்தகையில் இருக்கின்றன. இறங்க அனுமதி வேண்டும். இறங்குதுறையும் இருக்காது. சின்னப் படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் குதித்துத்தான் கரை ஏற வேண்டும். அம்மாவுக்குப் புடவையைத் தவிர வேறு ஏதாவது எடுத்துவையுங்கள்.

இனி பணம். பாதியை முன்பணமாகக் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். ஒப்பந்தத்தைக் காட்டாமல் கேட்பதுதான் தவறு. படகின் பெயர், மாலத்தீவு சுற்றுலா அமைச்சகம் கொடுத்த உரிமம், ரத்து விதிகள் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாடகையில் எது சேர்ந்திருக்கிறது என்பது அதைவிட முக்கியம். பெரிய யாட் எனப்படும் சொகுசுப் படகுகளில் டீசல், சாப்பாடு, துறைமுகக் கட்டணம் ஆகியவற்றுக்காக வாடகையில் 25 முதல் 35 சதவீதத்தைத் தனியாக முன்கூட்டியே வாங்குவார்கள். மிச்சமானால் திரும்பிவரும், பற்றாவிட்டால் நடுக்கடலில் கேட்பார்கள். தூரம் கூடினால் டீசல் கூடும் என்பதால் ஹுவாதில் ஏஜென்ட்டுக்கு ஏன் இத்தனை ஆர்வம் என்று நான் யோசிக்கிறேன். உள்ளூரில் ஓடும் சஃபாரி படகில் பெரும்பாலும் சாப்பாடும் டீசலும் விலையிலேயே அடங்கும். பத்துப் பேருக்கு அதுவே தாராளம். இரண்டிலும் சுற்றுலா வரி 17 சதவீதம் உண்டு. அதோடு ஆளுக்கு இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. பத்துப் பேருக்கு ஏழு இரவு என்றால் 840 டாலர். கொடுத்த விலையில் இவை அடக்கமா என்று கேளுங்கள். ஊழியர்களுக்கான அன்பளிப்பு இதற்கெல்லாம் மேலே.

சைவத்துக்கு வருகிறேன். “காய்கறிதான்” என்று அவர்கள் நீட்டும் கிண்ணத்திலும் மாசிக் கருவாடு கிடக்கலாம். அந்த ஊரில் சூரை மீன் உப்புக்குச் சமம். மீன், மாசி, முட்டை எதுவும் கூடாது என்று தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். ஒரு டப்பா பருப்புப்பொடியும் போகட்டும்.

வாந்தி மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. கால்வாய்க்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் நட்டநடு கேபினைக் கேட்டு வாங்குங்கள். இரவெல்லாம் ஜெனரேட்டர் முணுமுணுக்கும், ஆனால் ஆட்டம் அங்கேதான் மிகக் குறைவு. மேல்தளத்தில், முன்பக்கம், பெரிய கண்ணாடி வைத்த கேபினுக்குத்தான் எல்லோரும் போட்டி போடுவார்கள். ஆட்டமும் அங்கேதான் அதிகம். அதைத் தங்கைக்குக் கொடுத்துவிடுங்கள்.